ஒத்துழைக்காத குடும்பம்

என் தாயார் பொய் எழுதவில்லை. நடந்தவற்றை வரிசைப்படுத்திச் சொல்வதற்கு முன், இந்த ஒரு வாக்கியத்தை நிலைநிறுத்திவிட விரும்புகிறேன். ஏனெனில், சென்ற தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆற்றுக்கு அந்தப்புறம் திருச்சியிலுள்ள ஒரு மருத்துவமனையின் மூன்றாம் தளத்தில், என் தந்தையாரின் கோப்பில் இதற்கு நேர்மாறான ஒரு வரி இருந்தது. 'குடும்பத்தின் ஒத்துழைப்பு இல்லை.' மூன்றே சொற்கள். அவற்றை எதிர்த்து நான் நடத்திய வழக்கே இந்தக் கட்டுரை. மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் கெட்டவர்களும் அல்லர். ஆயினும், முதியவர் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் எந்தக் குடும்பத்தின் மீதும் இப்படி ஒரு வரி எப்போது வேண்டுமானாலும் விழலாம். அந்தக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

நான் சட்டக் கல்லூரி மாணவி. பத்தாம் வகுப்பிலிருந்து மேடை ஏறுகிறேன். கையில் ஒலிவாங்கியும் எதிரில் ஒரு கூட்டமும் இருந்தால் அச்சம் என்பதே எனக்கு வராது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். பெயர் கோதை. பெற்றோருக்கு ஒரே பெண். அப்பா சௌந்தரராஜனுக்கு அறுபத்தெட்டு வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா ருக்மிணிக்கு அறுபத்திரண்டு. முழங்கால் வலியும் சர்க்கரையும் உண்டு. நோயாளியைக் கவனித்துக்கொள்பவரும் மாத்திரை சாப்பிடுகிறவர்தான் என்பதை எந்தக் கோப்பும் குறித்துக்கொள்வதில்லை. திருவரங்கத்தில், உத்தர வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு.

ஆடி மாதத்தில் அப்பாவின் செருப்பு கடித்தது. அதுதான் தொடக்கம்.

"செருப்பு சுருங்கிடுத்துடீ," என்றார்.

"ரப்பர் செருப்பு எங்கேயாவது சுருங்குமாப்பா?"

"ஆடிக் காத்துல எல்லாம் சுருங்கும்."

சுருங்கியது செருப்பில்லை, வீங்கியது கால். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நெடுநேரம் அப்படியே நின்றது. பிறகு படுக்க முடியவில்லை. ஒரு தலையணை இரண்டானது, இரண்டு மூன்றானது, கடைசியில் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்மூடினார். "மூச்சு மேலே வரவே மாட்டேங்கறது" என்று அவர் ஒரு விடியற்காலையில் சொன்னபோது, அவர் குரலில் கேலி இல்லை. எங்கள் வீட்டில் அதுதான் அபாய மணி. ஆட்டோ பிடித்துக் காவிரிப் பாலத்தைக் கடந்தோம்.

காத்திருப்புக் கூடத்தில் நாற்காலிகள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருந்தன. ஒருவர் இருமினால் வரிசை முழுவதும் அதிர்ந்தது. இரத்தம் எடுத்தார்கள், மார்பைப் படம் எடுத்தார்கள், நுரையீரலின் அடியில் நீர் நிற்பது வெள்ளைப் படலமாகத் தெரிந்தது. பிறகு எக்கோ. ஒலியலைகளை மார்புக்குள் அனுப்பி, இதயம் அசைவதை அப்படியே திரையில் காட்டும் சோதனை அது. வலி இல்லை, குளிர்ந்த பசையைத் தடவும்போது அப்பா "ஐயோ, ஐஸ்!" என்று கத்தியதோடு சரி.

மருத்துவர் நாற்பது வயதுக்காரர். நிதானமானவர். "இதயச் செயலிழப்பு," என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திய தடம் மாலை வரை இருந்தது. எனவே இந்தச் சொல்லை இங்கேயே விளக்கிவிடுகிறேன். இதயம் நின்றுவிட்டது என்பது இதன் பொருளன்று. இதயம் இயங்குகிறது, ஆனால் தேவையான வேகத்தில் இரத்தத்தைத் தள்ள முடியவில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் இடது அறை தன்னிடம் நிரம்பியதில் பாதிக்கு மேல் வெளியே அனுப்ப வேண்டும். அப்பாவின் இதயம் முப்பது விழுக்காடுதான் அனுப்பியது. மிச்சம் தேங்குகிறது. தேக்கத்தின் நீர் முதலில் காலுக்கு இறங்குகிறது, பிறகு நுரையீரலில் ஏறுகிறது.

"அப்போ பாய்லர் நன்னாருக்கு. பம்புதான் போயிடுத்தா டாக்டர்?"

"போகல சார். டயர்டா இருக்கு. நாம அதுக்கு வேலையைக் குறைக்கணும்."

வேலையைக் குறைப்பதென்றால் மூன்று காரியங்கள். நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் எந்தத் திரவமும் கூடாது. உப்பு, மிகமிகக் குறைவாக. ஏனெனில் உப்பு தான் இருக்குமிடத்தில் நீரைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். ஆறு நாள் ஊசியும் குழாயும் போட்டு நான்கு கிலோ நீரை இறக்கிவிட்டு, அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பும்போதே ஒரு திட்டத்திலும் சேர்த்தார்கள். முதிய நோயாளிகளை அவர்கள் வீட்டிலேயே வைத்து, கைப்பேசி வழியாகக் கவனிக்கும் திட்டம். அம்மாவின் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றினார்கள். தினமும் காலையில் எடை, இரத்த அழுத்தம், கால் வீக்கம், மூச்சு, மூன்று வேளை உண்ட உணவு, குடித்த நீர் எல்லாவற்றையும் அதில் பதிய வேண்டும். வாரம் ஒருமுறை செவிலியர் வீட்டுக்கு வருவார். மாதம் ஒருமுறை மருத்துவர் திரையில் வந்து பேசுவார். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே அழைப்பு வரும். தனியாக ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு முதியவருக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை. இதை நான் முழுமனத்தோடு சொல்கிறேன். பின்னால் நான் சண்டை போட்டதும் இந்தத் துணையை இழக்கக் கூடாதென்றுதான்.

செவிலியர் பெயர் ஜெசிந்தா. ஸ்கூட்டரில் வருவார், வாசலிலேயே, "மாமி, பழைய ஊறுகாய் ஜாடி எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க? எடுங்க வெளியே," என்று சோதனையோடு நுழைவார்.

"தேடிக்கோ சிஸ்டர். கிடைச்சா உனக்கே குடுத்துடறேன்," என்பார் அம்மா.

கிடைக்காது. ஏனெனில் அம்மா உப்பை உண்மையாகவே ஒழித்திருந்தார். ரசத்தில் இல்லை, கூட்டில் இல்லை, மோரிலும் இல்லை. வீட்டுப் பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணும் தளிகைச் சமையலே உப்பில்லாமல்தான் நடந்தது. "ஊர்ல ஒரு பெருமாள் உப்பில்லாம சாப்பிடறார்னா அது அவரா கேட்டது. நம்மாத்துப் பெருமாள் என்ன பாவம் பண்ணினார்?" என்று அப்பா முனகுவார். அம்மா இன்னொரு கரண்டி பரிமாறுவார். அடுத்த நாள் காலையில் குளித்து, விளக்கேற்றி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எடைக்கருவியின் முன் அப்பாவை நிறுத்தி, ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பதிவார். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

இருந்தும், ஐப்பசி தொடக்கத்தில் அப்பா மறுபடியும் மருத்துவமனையில். மார்கழி முடிந்த கையோடு மூன்றாம் முறை.

மூன்றாம் முறைதான் கடுமை. ஆக்சிஜன் குழாயோடு அவசரப் பிரிவில் ஒன்றரை நாள் இருந்துவிட்டு, வார்டுக்கு வந்தார். பதினொன்றாம் எண் கட்டில். அங்கே நாள் என்பது சிறுநீரை அளக்கும் குடுவையால் அளக்கப்பட்டது. எவ்வளவு குடித்தார், எவ்வளவு போனது என்று ஒரு தாளில் எழுதி மாட்டியிருப்பார்கள். தினமும் விடியலில் இரத்தம் எடுப்பார்கள்; நீர் மாத்திரை கூடக்கூடச் சிறுநீரகம் களைத்துப்போகும், அதைக் காட்டும் எண் ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு. அது ஏறிக்கொண்டிருந்தது. அம்மா கட்டிலுக்கடியில் பாயை விரித்து, முழங்காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். அந்தக் கிடையிலும் கைப்பேசியை எடுத்து அன்றைய பதிவை எழுதினார். "ஆஸ்பத்திரியில இருக்கறச்சே எழுத வேண்டாம்மா, அவாளே எழுதிப்பா," என்றேன். "விட்டுப்போகக் கூடாதுடீ," என்றார்.

நான்காம் நாள் மருத்துவர் எங்களைத் தம் அறைக்கு அழைத்தார். பதிவுகள் திரையில் இருந்தன.

"மாமி, உங்க ரெக்கார்டு ரொம்ப பெர்ஃபெக்ட்டா இருக்கு. உப்பு இல்ல, வெளிச்சாப்பாடு இல்ல, தண்ணி அளவோட. இதை நம்பித்தான் ரெண்டு தடவை மாத்திரையை ஏத்தினேன். உப்பே சாப்பிடாம இவ்வளவு தண்ணி சேருதுன்னா, ஒண்ணு ஹார்ட் இன்னும் மோசமாயிருக்கணும். ஆனா நேத்து எடுத்த எக்கோல அதே முப்பதுதான் இருக்கு. இல்லன்னா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

அம்மா எழுந்து நின்றார். "நான் பொய் எழுதினேன்னு சொல்றேளா?"

"அப்படிச் சொல்லல மாமி. நிறையப் பேர் திட்டுவாங்கன்னு பயந்து நல்லதா எழுதுவாங்க. சகஜம்தான்."

அந்தச் 'சகஜம்' என் தாயாரைச் சுட்டது. கோப்பில் அந்த வரியை நான் பார்த்தது அப்போதுதான். அதன் விளைவையும் மருத்துவரே சொன்னார். திட்டத்தில் இடங்கள் குறைவு, ஒரு செவிலியருக்கு இருபத்து மூன்று வீடுகள், காத்திருப்போர் பலர். மூன்றாம் முறையும் சேர்க்கப்பட்டு, குடும்பமும் ஒத்துழைக்கவில்லை என்றால், நோயாளியைத் திட்டத்திலிருந்து நீக்குவது விதி. நீக்கியபின் அவர்கள் பரிந்துரைப்பது துவாக்குடிப் பக்கம் உள்ள ஒரு பராமரிப்பு இல்லம். வெள்ளிக்கிழமை குழு கூடி முடிவெடுக்கும்.

திருவரங்கத்தை விட்டு அப்பா துவாக்குடியில் ஒரு கட்டிலில். அம்மா முட்டிவலியோடு இரண்டு பஸ் மாறி, பார்வை நேரத்தில் போய் வந்துகொண்டிருப்பார். அதுதான் தீர்ப்பு. குற்றம் என்னவென்றே தெரியாமல் வழங்கப்படவிருந்த தீர்ப்பு.

"வெள்ளிக்கிழமை நானும் வருவேன்," என்றேன். "எங்கள் தரப்பையும் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்."

"தாராளமா வாங்க," என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று மாலையே அம்மாவின் பதிவுகள் அனைத்தையும் அச்செடுத்தேன். இடைவெளியில்லாத தாள்கள். இதுவே என் சான்று. இதை மேசைமேல் வைத்து, "இதில் ஒரு நாள் விடுபட்டிருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேட்டால் யார் பதில் சொல்வார்கள் என்று கணக்குப் போட்டேன். உரையை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது வரை முடிவாகியிருந்தது.

வியாழன் காலை வரதன் மாமா வார்டுக்கு வந்தார். அப்பாவின் பால்ய நண்பர். தினமும் கோயிலுக்குப் போய்விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருபவர். பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

"டேய் சௌந்தரா, உனக்காகத்தான் கேட்டு வாங்கிண்டு வந்தேன். புளியோதரை."

அம்மா இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு பிடியை அப்பாவின் கையில் வைத்தார், அப்பா வாயில் போட்டுக்கொண்டார், இன்னொரு பிடி, பிறகு எனக்கு, பிறகு பக்கத்துக் கட்டில்காரருக்கு. கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியைத் திறந்தார். "காலை ஆகாரம்... இட்லி ரெண்டு, உப்பில்லாமல்," என்று வாய்விட்டுச் சொல்லிப் பதிந்தார்.

"அம்மா, அது?"

"எது?"

"இப்போ குடுத்தது."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கள்ளம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "அது பிரசாதம்டீ."

எங்கள் வீட்டில் பிரசாதத்தை யாரும் சாப்பாடு என்று சொல்வதில்லை. அது பசிக்கு உண்பதன்று, அளந்து உண்பதன்று, வேண்டும் வேண்டாம் என்று சொல்லத்தக்கதுமன்று. கையில் விழுந்தால் வாய்க்குப் போகும். 'இன்று என்ன சாப்பிட்டார்' என்று நீங்கள் ஆயிரம் முறை கேட்டாலும், அந்தப் பட்டியலில் அது வராது. அம்மா மறைக்கவில்லை. மறைக்க ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, அதே வீட்டில், அதே கையால், நானும் அதே பிடியை வாங்கித் தின்றுகொண்டிருந்தவள்.

சுவரில் தினசரி நாட்காட்டி தொங்கியது. நான் விரல்விட்டு எண்ணினேன். ஐப்பசித் தொடக்கத்தில் இரண்டாம் முறை சேர்த்தோம். அதற்கு முந்தைய மாதம் புரட்டாசி, சனிக்கிழமைதோறும் ஊரே பிரசாதம். மூன்றாம் முறை மார்கழி முடிந்ததும். விடியலில் பொங்கல், பிறகு பகல் பத்து, இராப்பத்து என்று இருபது நாள் உற்சவம், நாளுக்கு இரண்டு தொன்னை. நோயின் ஏற்ற இறக்கம் கோயில் நாட்காட்டியை அடிபிசகாமல் பின்தொடர்ந்திருந்தது.

"வரதன் மாமா, தினமும் கொண்டுவந்து குடுக்கறேளா?"

"பின்னே? ஒருநாள் விட்டிருக்கேனா? கேளு உங்கப்பாவை!" என்றார் அவர், பெருமிதத்தோடு.

அப்பா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "உப்பு நன்னாவே இருக்கும். உங்கம்மா தளிகையில இல்லாதது எல்லாம் அதுலதான் இருக்கும்."

ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். மேடையில் நான் கற்ற முதல் பாடம், எதிரணிக்கு ஆயுதம் கொடுக்காதே என்பது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் இருந்தது. இதை நான் சொல்லிவிட்டால், 'பார்த்தீர்களா, உப்பு போயிருக்கிறது' என்று அவர்கள் எழுந்துவிடலாம், வழக்கு முடிந்தது. சொல்லாமல் தாள்களை மட்டும் நீட்டினால் நான் வெல்லக்கூடும். வீட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் பொட்டலத்தை நிறுத்திக்கொள்ளலாம். அரை மணி நேரம் அந்த முடிவிலேயே இருந்தேன்.

அப்போது இளம் மருத்துவர் ஒருவர் வந்து, மறுநாளிலிருந்து நீர் மாத்திரையை இன்னும் ஏற்றப்போவதாகச் சொன்னார். சிறுநீரக எண் ஏறியிருந்தாலும் வேறு வழியில்லை, பதிவின்படி உப்பில்லாமலே நீர் சேர்கிறதே என்றார். என் வெற்றிக்கான விலையை அப்பாவின் சிறுநீரகம் கொடுக்கவிருந்தது. அத்தோடு என் சாமர்த்தியம் முடிந்தது.

அம்மாதான் எதிர்த்தார். "பெருமாள் பிரசாதத்தைப் போய் வியாதிக்குக் காரணம்னு சொல்லப்போறயா? நாலு பேர் நடுவுல?"

"பிரசாதத்துல குத்தம் இல்லைம்மா. அதுல உப்பு இருக்கு. அவ்வளவுதான்."

"வாயால சொல்லாதே."

"நான் சொல்லலேன்னா உன்னைப் பொய்யின்னு எழுதி வெச்சுடுவா. எது தேவலை?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, நீள மேசையின் ஒருபுறம் மருத்துவரும், திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரான அம்மையாரும், ஜெசிந்தா சிஸ்டரும். மறுபுறம் நானும் அம்மாவும். ஒத்திகை பார்த்த உரையில் ஒரு வரியும் நான் பேசவில்லை.

"டாக்டர், நீங்க சொன்னது சரி. உப்பு போயிருக்கு. தினமும் போயிருக்கு," என்று தொடங்கி, புளியோதரையிலிருந்து நாட்காட்டி வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

ஒருங்கிணைப்பாளர் பேனாவை மூடினார். "அப்ப நாங்க எழுதினது சரிதானேம்மா?"

"இல்லை. உப்பு போனது உண்மை, ஒத்துழைக்கலேங்கறது பொய். நீங்க காலையில என்ன, மத்தியானம் என்ன, ராத்திரி என்னன்னு கேட்டீங்க. எங்கம்மா மூணுக்கும் உண்மையைத்தான் எழுதினாங்க. திருவரங்கத்துல ஒரு வீட்டுக்கு, ஒருத்தர் வாயில எதெல்லாம் எந்த வழியில போகும்னு தெரிஞ்சுக்காம ஒரு கேள்வித்தாளைத் தயார் பண்ணினது யாரு? கேட்காத கேள்விக்குப் பதில் எழுதலேன்னு ஒரு அம்மாவைத் தண்டிக்கிறது என்ன நியாயம்? அப்பாவை நீக்கினாலும் கேள்வித்தாள் அப்படியேதான் இருக்கும். அடுத்த வீட்டிலயும் இதேதான் நடக்கும்."

மருத்துவர் கோப்பைப் புரட்டினார். என் பேச்சு அவரை அசைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அசைத்தது வேறொருவர் சொன்னது.

"டாக்டர், நான் ஒண்ணு சொல்லணும்," என்றார் ஜெசிந்தா சிஸ்டர். மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஆடியில இருந்து அந்த வீட்டுக்குப் போறேன். போறப்பல்லாம் மாமி எனக்கும் கையில குடுப்பாங்க. நானும் சாப்பிட்டேன். மாமா சாப்பிடறதையும் பார்த்தேன். நான் எழுதல."

"சிஸ்டர்... நீங்களுமா?"

"எனக்குத் தோணவே இல்ல டாக்டர். ஊறுகாய் ஜாடியத் தேடித் தேடிப் பார்த்தேன். கையில இருந்தத விட்டுட்டேன். நான் சர்ச்சுக்குப் போறவ; எனக்கே வேண்டாம்னு சொல்ல வாய் வரல. மாமாவுக்கு எப்படி வரும்?"

அறையில் முதலில் சிரித்தவர் அம்மாதான். அவர் சிரித்தபின் மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்தது. ஆனாலும் முடிவு சிரிப்போடு முடியவில்லை. வரியை அடிக்கவில்லை, ஒரு மாதம் நிறுத்திவைப்பதாகச் சொன்னார்கள். மாத்திரை பழைய அளவுக்கு இறங்கும். அந்த ஒரு மாதத்தில் அப்பாவின் நிலை கைமீறிப்போனாலோ, பதிவு நம்பத்தகாததாக இருந்தாலோ, வரி நிற்கும், இடம் போகும். விடுதலை கேட்டேன், ஜாமீன் கிடைத்தது.

வீடு திரும்பிய வாரத்திலேயே செயலியில் ஒரு புதிய கட்டம் வந்தது: 'கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விசேஷ வீடு - எங்கேனும் கொடுத்ததை உண்டாரா? எவ்வளவு?' சிஸ்டர் தம் இருபத்து மூன்று வீடுகளிலும் அதைக் கேட்கத் தொடங்கினார். உறையூரில் ஒரு தறிக்காரர் வீட்டில் அம்மன் கோயில் கூழ் வந்தது. இன்னொரு வீட்டில் நோன்புக் கஞ்சி. வேறொன்றில் திருவிழா விருந்து. "எல்லா வீட்டுலயும் இருந்திருக்கு கோதை. ஒருத்தரும் சொல்லல. ஒருத்தரும் கேக்கல," என்றார். இதைவிடச் சுருக்கமாக என் வாதத்தை நானே சொல்லியிருக்க முடியாது. நோயாளியின் வீட்டை அறியாத திட்டம் எவ்வளவு நவீனமான கருவியில் ஏறி வந்தாலும் வாசலோடு நின்றுவிடும். தவறு நேர்ந்தால், பாயில் படுத்துக்கொண்டு பதிவெழுதும் பெண்ணின் தலையில்தான் அது இறங்கும். அதை ஏற்க மாட்டேன், நீங்களும் ஏற்காதீர்கள்.

அப்பா ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: வேண்டாம் என்று அவர் வாயால் சொல்ல மாட்டார். எனவே வரதன் மாமா நான்கு பருக்கை மட்டும் கொடுப்பது என்று தீர்மானமாயிற்று.

"நாலுன்னா நாலா? அஞ்சாவது ஒட்டிண்டு வந்தா?"

"அதை நான் சாப்பிட்டுடறேன்டா. நீ படுத்துக்கோ."

நாட்கள் நன்றாகப் போயின. அறுபத்து மூன்று கிலோவில் எடை நின்றது. இரண்டு தலையணையில் தூங்கினார். சந்து முனை வரை நடந்தார். குழுவின் மறுஆய்வு இன்னும் ஒரே நாள் என்றிருந்தபோது மாசித் தெப்பம் வந்தது. அப்பாவை ஆட்டோவில் தெப்பக்குளத்துக்கு அழைத்துப்போனார் வரதன் மாமா. திரும்பி வந்த இருவரும் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

மறுநாள் காலை எடைக்கருவியில் அறுபத்து நான்கு புள்ளி இரண்டு.

"என்னப்பா ஆச்சு?"

"ஒரு தொன்னை," என்றார் அப்பா. "முழுசா. யாரோ குடுத்தா. இருட்டுல வரதன் பார்க்கலை."

அம்மா கைப்பேசியைத் திறந்தார். எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. பதினொரு மணிக்கு மறுஆய்வுக்காகக் குழுவின் சார்பில் மருத்துவர் திரையில் வருவார். அந்த ஒரு மாதத்தின் கடைசி வரி இதுதான்.

"கோதை," என்றார் மெல்ல. "நேத்து எடையையே போட்டுடட்டுமா? நாளைக்குள்ள இறங்கிடும்டீ."

அத்தனை மாதங்களில் ஒரு முறையும் பொய் எழுதாதவரிடம் அந்த மூன்று சொற்கள் செய்த வேலை இது. பொய் எழுதினாய் என்று சொல்லிச் சொல்லியே அவரைப் பொய்யின் வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். 'போடு' என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"உள்ளதை எழுதும்மா."

"பதினோரு மணிக்குப் பார்ப்பாளே."

"பார்க்கட்டும்."

அம்மா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு வாய்விட்டுச் சொன்னார்: "அறுபத்து நாலு புள்ளி ரெண்டு. புளியோதரை. ஒரு தொன்னை, முழுசா." அனுப்பினார்.

கால் மணி நேரத்தில் சிஸ்டர் அழைத்தார். திட்டவில்லை. மூச்சு எப்படி, காலில் குழி விழுகிறதா என்று கேட்டார். மருத்துவரிடம் கேட்டுவிட்டு மீண்டும் அழைத்து, அன்றைக்கு மட்டும் நீர் மாத்திரையில் அரை கூடுதலாகக் கொடுக்கச் சொன்னார். பதினொரு மணிக்குள் அப்பா ஐந்து முறை எழுந்து போய்வந்தார். ஒவ்வொரு முறையும் "வண்டி வாட்டர் இறக்கறது" என்று அறிவித்தார்.

திரையில் மருத்துவர் நெடுநேரம் அந்தப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தொன்னை சார்?"

"ஆமாம் டாக்டர். தப்புதான்."

"தப்புதான். ஆனா காலையில ஏழு மணிக்கே எனக்குத் தெரிஞ்சுது. இது தெரியாம இருந்திருந்தா, நாலு நாள் கழிச்சு உங்களை எமர்ஜென்சில பார்த்திருப்பேன்." அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "மாமி, மாமா திட்டத்துலயே இருக்கட்டும். அந்த வரியை எடுத்துட்டேன்."

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையமர்த்தினார்.

"எடுத்தேள்னா காட்டுங்கோ."

மருத்துவர் கொஞ்சம் திகைத்து, கோப்பின் பக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். அம்மா கண்ணாடியை மூக்கின் மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, கைப்பேசியை முகத்தருகே பிடித்து, மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார். அந்த வரி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"காலியா இருக்கே."

"ஆமா மாமி. எடுத்தாச்சு."

"காலியா விடப்படாது. நாளைக்கு வேற யாராவது வந்து வேற ஏதாவது எழுதிடுவா. 'தினமும் உள்ளதை எழுதறா'ன்னு போடுங்கோ."

மறுமுனையில் விசைகள் தட்டப்படும் ஓசை கேட்டது. அம்மா அசையாமல் காத்திருந்தார். எழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் வந்து முடியும் வரை கைப்பேசியைத் தாழ்த்தவில்லை.